கேமிங் கொம்பியூட்டரும் கடைக்காரரின் பொறுப்பும்

"சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்தால் கொம்பியூட்டர் வாங்கித் தருவேன்" என்று மகனுக்கு வாக்குக் கொடுக்காத வாப்பாமார் இன்று எமது ஊர்களில் குறைவு. பெறுபேறு வந்தவுடன் மகன் ஒரு பட்டியலை நீட்டுகிறான். அதிலிருக்கும் ஒரு பெயரும் வாப்பாவுக்கு விளங்குவதில்லை. பலாங்கொடையிலும் இரத்தினபுரியிலும் கல் வியாபாரம் செய்யும் ஒருவர், டோர்ச் அடித்துப் பாராமல் பத்தாயிரம் ரூபாவுக்கும் ஒரு கல்லை வாங்கமாட்டார். அரிசிக் கடைக்காரர் மூட்டையிலிருந்து நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்க்காமல் விலை பேசமாட்டார். அதே மனிதர்கள் இலட்சத்துக்கு மேற்பட்ட பணத்தை ஒரு கறுப்புப் பெட்டிக்காக எண்ணிக் கொடுத்துவிட்டு, "கேம் விளையாடலாம்தானே?" என்ற ஒரே கேள்வியுடன் வீடு திரும்புகிறார்கள்.

விளையாட்டு பிள்ளைகளுக்கு நல்லதா, கெட்டதா என்பது இப்பத்திக்குரிய விடயமன்று. அதைப் பெற்றோர் தீர்மானித்துக் கொள்ளட்டும். விளையாட்டுக்கென்று ஒழுங்காகப் பொருத்தப்பட்ட இயந்திரத்தில்தான் வீடியோ தொகுப்பும் கட்டட வரைபட வேலையும் தடையின்றி நடக்கின்றன என்பதை மட்டும் சொல்லிக் கொள்கிறேன். இங்கே நான் பேச விரும்புவது வியாபாரம் பற்றி. இந்தப் பணத்தில் பெரும் பகுதி பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கும் அதைச் சுற்றியுள்ள கடைகளுக்கும் போகிறது. பலாங்கொடையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 140 கிலோமீற்றர். போய்வர ஒரு நாள் போய்விடும். ஏதாவது பிழைத்தால் இன்னொரு நாள், இன்னொரு பஸ் கட்டணம். இத்தனை சிரமம் இருந்தும் மக்கள் ஏன் அங்கே போகிறார்கள்? விலை குறைவு என்பது ஒரு காரணம். உள்ளூர்க் கடைக்காரருக்கு இது தெரியாது என்ற எண்ணம் அதைவிடப் பெரிய காரணம். அந்த எண்ணம் முழுவதும் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மோதிரம் செய்பவர் முதலில் கல்லைக் கையில் எடுக்கிறார். கல்லின் அளவுக்குத்தான் கூடு கட்டுகிறார். கூட்டை ஆயத்தமாக வாங்கி வைத்துவிட்டு, கடைசியில் கல் உள்ளே போகவில்லை என்று கல்லைத் தேய்க்கும் பொற்கொல்லர் இருந்தால் அவரிடம் யாரும் திரும்பப் போகமாட்டார்கள். கொம்பியூட்டர் பொருத்துவதும் இப்படித்தான். பிராசஸருக்கு ஏற்ற மதர்போர்ட், மதர்போர்டுக்கு ஏற்ற ரெம், கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்ற பவர் சப்ளை, எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் கேசிங். ஒன்று தவறினால் மற்றவற்றுக்கும் கொடுத்த பணம் முடங்கிப் போகும்.

எமது பகுதியில் அதிகமாக நடக்கும் தவறிலிருந்து தொடங்குவோம். வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி கம்பனிகளின் சிறிய மேசைக் கணினிகள் எமது சந்தையில் ஏராளம். விலை மலிவு, உடல் உறுதி. கடைக் கணக்குக்கோ டியூஷன் பிள்ளைக்கோ அவற்றை வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டைச் செருகி, முன்னால் வர்ண விளக்கு ஒன்றை ஒட்டி, "கேமிங் பிசி" என்று விற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. ஒல்லியான அந்தப் பெட்டிகளின் பவர் சப்ளை பெரும்பாலும் 240 வொட் அளவில்தான் இருக்கும். கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயர் அதில் இராது. பெரிய பவர் சப்ளை வாங்கி மாற்றலாமே என்றால், அளவும் வேறு, மதர்போர்டில் செருகும் பிளக்கும் வேறு. கம்பனிக்கென்றே செய்த பிளக்கில் சந்தையில் கிடைக்கும் 24 முனை வயர் ஏறாது. உயரம் குறைந்த கார்ட் மட்டுமே உள்ளே போகும். ஆக அந்த இயந்திரம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியேதான் சாகும் வரை இருக்கும். அடுத்த வருடம் மகன் கொஞ்சம் பெரிய கார்ட் கேட்டால் முழுப் பெட்டியையும் தூக்கி எறிய வேண்டும். இதை விற்கும்போது சொன்னால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் அதற்கு வேறு பெயர்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10 க்கான மைக்ரோசொப்டின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஏறுவதற்கு இன்டெல் என்றால் 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. வேறு வழிகளில் ஏற்றித் தருவோர் இருக்கிறார்கள். ஆனால் வலோரன்ட் போன்ற விளையாட்டு, விண்டோஸ் 11 இல் ரிபிஎம் 2.0 உம் செக்கியூர் பூட்டும் இல்லாமல் திறக்கவே திறக்காது. பையன் கேட்டது அந்த விளையாட்டைத்தான் என்றால், 3 ஆம் தலைமுறை ஐ5 பெட்டியை விற்றவர் என்ன பதில் சொல்வார்?

அடுத்தது ஸொக்கட் விவகாரம். இதில் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். இன்டெலின் 6, 7 ஆம் தலைமுறைப் பிராசஸர்களும் 8, 9 ஆம் தலைமுறைப் பிராசஸர்களும் 1151 என்ற ஒரே எண்ணுள்ள ஸொக்கட்டில்தான் உட்காருகின்றன. பார்வைக்கு வித்தியாசம் இல்லை. உள்ளேயும் சரியாகப் போகும். ஆனால் எச்110, பி250 போர்டுகளில் 8 ஆம் தலைமுறை வேலை செய்யாது. எச்310, பி360 போர்டுகளில் 7 ஆம் தலைமுறை வேலை செய்யாது. பாவித்த சாமான் சந்தையில் "1151 போர்ட்தானே" என்று சொல்லி விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே ஏமாறுகிறார்கள். 2021 இறுதியில் வந்த 1700 ஸொக்கட் 12, 13, 14 ஆம் தலைமுறைகளுக்குப் பொது. ஆனால் அதில் டிடிஆர்4 ரெம் எடுக்கும் போர்ட் வேறு, டிடிஆர்5 எடுக்கும் போர்ட் வேறு. பெட்டியில் எச்610 என்று ஒரே பெயர் இருக்கும். பின்னால் உள்ள சிறிய எழுத்தை வாசிக்காமல் ரெம்மை வாங்கினால், வெட்டு இருக்கும் இடமே மாறியிருப்பதால் செருகவும் முடியாது. ஏஎம்டியின் ஏஎம்4 ஸொக்கட் 2017 இலிருந்து பல வருடங்கள் நிலைத்தது நல்ல விடயம். என்றாலும் பழைய பி450 போர்டில் ரைசன் 5 5600 ஐப் போட்டால், பயோஸ் புதுப்பிக்கப்பட்டிருக்காவிட்டால் திரை வராது. அதைப் புதுப்பிக்க இன்னொரு பழைய பிராசஸர் வேண்டும், அல்லது அதற்கென்று பொத்தான் உள்ள போர்டாக இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து தனித்தனியாக வாங்கி வந்து பலாங்கொடையில் பொருத்த முயல்பவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். 2022 இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 ஐ மட்டுமே ஏற்கும்.

ஒரே ஓர் எழுத்தால் வரும் நட்டத்தையும் குறிப்பிட வேண்டும். ஐ3 12100 உம் ஐ3 12100எப் உம் பெயரில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். எப் என்று முடிந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ரைசன் 5 5600 உம் அப்படியே. 5600ஜி என்று முடிந்தால்தான் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். "கார்டைப் பிறகு வாங்கிக் கொள்கிறேன்" என்று சொல்லும் வாடிக்கையாளருக்கு, விலை சற்றுக் குறைவு என்பதற்காக எப் பிராசஸரைக் கொடுத்து அனுப்புவது குருடனுக்குக் கண்ணாடி விற்பது போன்றது.

கிராபிக்ஸ் கார்டுகளுக்கு வருவோம். 2022 செப்டெம்பர் 15 ஆம் திகதி எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றிக் கொண்டதும், அதுவரை உலகெங்கும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் பாவித்த சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றில் எல்லாமே குப்பை என்று சொல்லமாட்டேன். ஆனால் "ஆர்எக்ஸ் 580" என்று விற்கப்படுபவற்றில் 2048எஸ்பி என்ற ஒரு வகை உண்டு. 2018 இல் சீனச் சந்தைக்காக வந்தது. உண்மையான 580 இல் 2304 கருக்கள், இதில் 2048 மட்டுமே. அதாவது அது 570 இன் அளவு. பெயர்ப் பலகை 580, சரக்கு 570. எமது வியாபாரிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மிளகுடன் பப்பாசி விதை கலக்கும் கதை அவர்களுக்குத் தெரிந்ததே. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்ரி இன்னொரு விதமான பொறி. அது மதர்போர்டுடன் நான்கு பாதைகளில் மட்டுமே பேசும். புதிய தலைமுறைப் போர்டில் பரவாயில்லை. பழைய பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் பாதைகளின் வேகம் பாதியாகி, பல விளையாட்டுகளில் திக்குகிறது. கார்டிலும் குறை இல்லை, போர்டிலும் குறை இல்லை, இரண்டையும் சேர்த்து வைத்ததில்தான் குறை. வாடிக்கையாளர் கார்ட் பழுது என்று திருப்பிக் கொண்டுவருவார். கடைக்காரர் கார்ட் நன்றாக இருக்கிறது என்று சாதிப்பார். இருவரும் சொல்வது உண்மைதான், ஆனாலும் அன்றோடு உறவு முறிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது பவர் சப்ளையில்தான். மொத்தச் செலவில் சிறிய தொகை அது. அதிலேதான் எல்லோரும் கை வைக்கிறார்கள். கேசிங்குடன் இலவசமாக வரும் "500 வொட்" என்ற ஸ்டிக்கரை நம்பக் கூடாது. கையில் எடுத்துப் பார்த்தால் பாரமே இராது. ஸ்டிக்கரின் பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை அம்பியர் என்று வாசித்துப் பன்னிரண்டால் பெருக்கினால் உண்மை வெளிவரும். 500 என்று முன்னால் எழுதியிருப்பதில், பிராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் போய்ச் சேரக்கூடியது அதன் பாதியளவாக இருப்பதைக் காணலாம். ஆர்எக்ஸ் 6600 கார்ட் 132 வொட் எடுக்கும். அதற்கு நல்ல 450 வொட் பவர் சப்ளை போதும். நல்லது என்பதுதான் முக்கியம். 80 பிளஸ் என்ற அடையாளமும் மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பாவிக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, பாதுகாப்புக்கு அது அத்தாட்சி அல்ல. மலிவான சில பவர் சப்ளைகளின் பின்புறம் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 115 இல் இருக்கும்போது எமது நாட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் செருகினால் ஒரே சத்தத்துடன் கதை முடியும். கடையிலிருந்து வெளியே போவதற்கு முன் அதைப் பார்த்து ஒரு துண்டு டேப் ஒட்ட ஒரு நிமிடம் போதும்.

எமது பிரதேசத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். சமனலவெவ மின் நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதால் மலைச்சரிவின் கடைசி வீட்டுக்கு நல்ல வோல்டேஜ் வந்துவிடாது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரமானால் இடி மின்னல். அது கம்பி வழியாக வருகிறது, தொலைபேசி இணைப்பு வழியாகவும் வருகிறது. பழைய வீடுகளிலும் தோட்டத்து லயன் அறைகளிலும் எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கொம்பியூட்டரைத் தொட்டால் விறைக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது எர்த் இல்லாததன் அறிகுறி. 650 விஏ யூபிஎஸ் ஒன்று பெரும்பாலும் 360 வொட் அளவுக்குத்தான் தாங்கும். சிறிய கேமிங் இயந்திரத்துக்கும் திரைக்கும் அது போதும், ஆனால் அது விளையாடுவதற்கல்ல, ஒழுங்காக மூடுவதற்கு. இடி முழங்கும்போது யூபிஎஸ்ஸை நம்பி உட்காராமல் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்பதைக் கொழும்புக் கடைக்காரர் சொல்லமாட்டார். அவருக்கு எமது மலையும் தெரியாது, மழையும் தெரியாது. உள்ளூர்க் கடைக்காரருக்குள்ள அனுகூலம் இதுதான்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் பொருள் விற்பனைக்கான கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம். நூற்றாண்டைக் கடந்தது. கொம்பியூட்டர் என்ற சொல்லே எமது நாட்டில் அறியப்படாத காலத்தது. ஆனாலும் அதிலுள்ள ஒரு விதி இன்றைய கேமிங் பிசிக்கும் அப்படியே பொருந்துகிறது. வாங்குபவர் தனக்கு எந்தத் தேவைக்காக அப்பொருள் வேண்டும் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவருடைய திறமையையும் தீர்மானத்தையும் நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அத்தேவைக்கு நியாயமான அளவு பொருத்தமாக இருக்க வேண்டும் என்பது பில்லில் எழுதாவிட்டாலும் உள்ளடங்கிய நிபந்தனை. அதே விதியில் ஒரு விலக்கும் உண்டு. குறிப்பிட்ட வர்த்தகப் பெயரைச் சொல்லி வாங்கினால் அந்த நிபந்தனை எழாது.

இந்த இரண்டையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். பையன் பட்டியலுடன் வந்து, இந்தப் பெயருள்ள போர்ட், இந்தப் பெயருள்ள கார்ட் என்று கேட்டு வாங்கிப் போனால் பொருத்தம் பார்க்க வேண்டியவன் அவன். வாப்பா வந்து, "முதலாளி, மகனுக்குக் கேம் விளையாட ஒரு மெஷின் போட்டுத் தாங்க" என்று சொன்னால் பொறுப்பு முழுவதும் கடைக்காரரின் தலையில். முதலாமவருக்கு உதவி செய்வது நல்ல குணம். இரண்டாமவருக்குப் பொருத்தம் பார்ப்பது கடமை. இதைப் பல கடைக்காரர் தலைகீழாகச் செய்கிறார்கள். விடயம் தெரிந்த பையனுக்கு நல்ல சாமான் போகிறது, ஒன்றும் தெரியாத வாப்பாவுக்குத் தேங்கிய சாமான் போகிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தவறாக வழிநடத்தி விற்பதைத் தடை செய்கிறது. 570 ஐ 580 என்று விற்பது அந்த வகையில் அடங்கும் என்பதே என் கருத்து.

கடைக்காரர்களின் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். 2022 மார்ச்சில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனதை யாரும் மறக்கவில்லை. வற் வரி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2025 பிற்பகுதியில் தரவு நிலையங்களின் தேவையால் ரெம் விலை உலகெங்கும் ஏறியது. "பாகத்தில் எமக்கு நிற்பது சொற்பம். நல்ல பவர் சப்ளையைச் சொன்னால், பக்கத்துக் கடையில் குறைவு என்று எழுந்து போகிறார்கள்" என்கிறார்கள். உண்மை. ஆனால் அதற்கு மருந்து மலிவுச் சாமானைத் திணிப்பதல்ல. பொருத்தும் கூலியைத் தனியாக எழுதிக் கேளுங்கள். தையற்காரர் துணியின் விலைக்குள் கூலியை ஒளித்து வைப்பதில்லை. லொறி மெக்கானிக் பாகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று என்றுதான் பில் போடுகிறார். பொருத்தம் பார்ப்பது ஒரு தொழில், அதற்கு விலை உண்டு என்று கடைக்காரரே நம்பாதவரை வாடிக்கையாளர் நம்பமாட்டார். பாகத்தில் கொழும்புடன் போட்டி போட முடியாதவர் இதில் தாராளமாகப் போட்டி போடலாம். 140 கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பவரின் உத்தரவாதத்தைவிட, பள்ளிவாசல் வீதியில் தினமும் முகம் பார்க்கும் ஒருவரின் உத்தரவாதத்துக்கு மக்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கத் தயங்கமாட்டார்கள்.

வாங்கும் வாப்பாமாருக்கும் சொல்ல இருக்கிறது. பணம் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசஸர், இன்னும் தலைமுறை மாற்ற இடமுள்ள போர்ட், நல்ல பவர் சப்ளை, சாதாரண அளவிலான கேசிங் என்று முதலில் வாங்கி, கார்டை எட்டு, பத்து மாதம் கழித்துப் போடுவதே புத்தி. ரெம்மை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி துண்டுகளாக வாங்குங்கள். கார்ட் இல்லாத இயந்திரத்தில் இந்த வித்தியாசம் விளையாட்டிலேயே தெரியும். வர்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். எம்.2 என்ற ஒரே வடிவில் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு, போர்ட் எதை ஏற்கும் என்று கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருக்கும் பழைய திரையில் நீல நிற விஜிஏ பிளக் மட்டும் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்றைய கார்டுகளில் அந்த ஓட்டை கிடையாது, மாற்றும் கருவி வேண்டும்.

பில்லை வாசியுங்கள். "கேமிங் பிசி 1" என்று ஒரு வரியில் எழுதிய பில் எதற்கும் உதவாது. பிராசஸரின் கடைசி எழுத்து வரை, போர்டின் முழுப் பெயர், ரெம்மின் வகை, கார்டின் பெயரும் நினைவக அளவும், பவர் சப்ளையின் தயாரிப்பும் வொட்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாத உத்தரவாதம், அதை யார் தருகிறார்கள், இறக்குமதியாளரா கடையா என்பது வரை எழுதி வாங்க வேண்டும். பாவித்த பாகம் என்றால் பாவித்தது என்று எழுத வேண்டும். கார்டின் தொடர் இலக்கத்தைப் பில்லில் குறிப்பது இரு பக்கத்துக்கும் நல்லது. வேறு கார்டைக் கொண்டுவந்து மாற்றித் தரச் சொல்லும் வாடிக்கையாளரும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

பணம் கைமாறுவதற்கு முன் மகன் விளையாடப் போகும் அதே விளையாட்டைக் கடையிலேயே ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். பிளேன்ரீ குடிக்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான். அந்த நேரத்தில் சூடு எவ்வளவு ஏறுகிறது, இடையில் நிற்கிறதா, கருகும் வாடை வருகிறதா என்று பார்த்துவிட்டு, பில்லின் அடியில் திகதியையும் சோதித்த நேரத்தையும் எழுதிக் கடைக்காரர் ஒப்பமிடட்டும்.